கற்பூரம் அணைவதற்குள்

“கற்பூரம் அணைஞ்சு போகுது, தாயே!” என்று மழையில் நின்று கத்தினான் திருமேனி.

கதவு திறந்தது.

அதற்கு முன் விடிந்ததிலிருந்து தட்டிக்கொண்டிருந்தான். தட்டும்போதெல்லாம் கலங்கரைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு குரல் கேட்கும்.

“யாரது?”

அவனும் முறையாகச் சொல்வான்.

“பனையடியூர் பெரிய வடக்காரர் நாகலிங்கத்தின் கொள்ளுப்பேரன், ராஜாக்களின் கப்பலுக்கு வடம் கொடுத்த அம்பலவாணரின் பேரன், தேர்வடம் திரித்துப் பரிவட்டம் கட்டிக்கொண்ட வைத்திலிங்கத்தின் மூத்த மகன்...”

மேலே சத்தம் இருக்காது.

நடுவில் ஒரு மீன்காரி வந்தாள். தலையில் கூடை. அவனை ஒதுங்கச் சொல்லிவிட்டுக் கதவை ஒரு தட்டு தட்டினாள்.

“யாரது?”

“சாளை!”

தடதடவென்று இறங்கி வரும் சத்தம். கதவு திறந்தது. மீன் உள்ளே போனது. காலிக்கூடை வெளியே வந்தது. கதவு மூடிக்கொண்டது.

‘அவள் பேரைக்கூடச் சொல்லவில்லையே!’

திருமேனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தான் மரியாதையை மறந்து, வந்த காரியத்தைக் கத்திவிட்டான்.

வாசலில் நின்றவள் வடிவம்மை. கலங்கரை விளக்கத்தில் தீ வளர்ப்பவள். அவனைவிடப் பத்து வயதாவது சின்னவள். தலைமுடி கருகிக் குட்டையாகக் கிடந்தது. புருவம் இல்லை. நெருப்பின் பக்கத்திலேயே இருந்து இருந்து அதையும் நெருப்பு எடுத்துக்கொண்டது.

எங்கெங்கிருந்தோ ஆட்கள் அவளிடம் வந்து கேள்வி கேட்பார்கள். கேட்டுவிட்டு விறகு சுமப்பார்கள். சிலர் மாறிப்போய்த் திரும்புவார்கள். சிலர் முதுகுவலியோடு திரும்புவார்கள். ஊரில் அப்படித்தான் பேச்சு.

“எங்கே அணையுது?” என்றாள். மூச்சு வாங்கியது.

“சபையில, தாயே.”

“எந்தச் சபை?”

“மணல்துறை வணிகர் சபை. தைப் பௌர்ணமிக்கு.”

அவள் முகம் விழுந்துவிட்டது. “நான் என்னமோ ஏதோன்னு ஓடி வந்தேன்.”

கதவை மூடப் போனாள். திருமேனி காலை உள்ளே வைத்துவிட்டான்.

“காலை எடும்.”

“எடுக்க மாட்டேன், தாயே.”

அவள் அந்தக் காலைப் பார்த்தாள். சேறு. நகத்தில் நார் ஏறிக் கறுத்திருந்தது.

“உள்ளே வந்து சொல்லும். சுருக்கா.”

சுருக்கமாகச் சொல்ல அவனுக்கு வராது. நான் சொல்கிறேன்.

மணல்துறையில் வருஷத்துக்கு ஒரு தடவை கப்பல்காரர்கள் கூடுவார்கள். புதிதாக வியாபாரம் கேட்டு வருகிறவன் நடுவில் போய் நிற்க வேண்டும். பித்தளைத் தட்டில் நகக்கண் அளவு கற்பூரம் வைத்துக் கொளுத்துவார்கள். அது எரிகிறவரை அவன் பேசலாம். தான் யார், தன் தொழில் என்ன, எல்லாம் அதற்குள். அணைந்த பிறகு ஒரு சொல் பேசக்கூடாது. பேசினால் அந்தத் துறையில் அவன் சரக்கை நாய்கூட மோந்து பார்க்காது.

ஒரு ஆளுக்கு ஆயுசுக்கும் மூன்று கற்பூரம்தான்.

திருமேனிக்கு இரண்டு முடிந்துவிட்டது.

“ரெண்டு தடவையும் கயித்துக்கிட்ட வர்றதுக்குள்ள அணைஞ்சு போச்சு, தாயே. ஊர்ல நார் அடிக்கிற பெண்டுகள் சொல்லிட்டாங்க. இந்தத் தடவையும் திரிச்ச கயித்தைத் திருப்பிக் கொண்டுவந்தா, அத்தனை பேரும் உப்பளத்துக்குப் போயிருவாங்களாம். அவங்க போயிட்டா அப்புறம் நான் எதைத் திரிக்க?”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“கற்பூரம் மெதுவா எரிய ஒரு வழி சொல்லணும்.”

வடிவம்மை அவனையே பார்த்தாள்.

“சந்தனம் கலந்து பாத்தேன். மெழுகு தடவிப் பாத்தேன். தட்டை நனைச்சுப் பாத்தேன். துண்டை விரிச்சுக் காத்தை மறைச்சா சபையே சிரிக்குது. நெருப்பு உங்க பேச்சைக் கேக்கும்னு சொன்னாங்க. அதான் வந்தேன்.”

“நெருப்பு யார் பேச்சையும் கேக்காது. விறகு இருந்தா எரியும்.”

அடுப்பிலிருந்து ஒரு சுள்ளியை எடுத்து நீட்டினாள். நுனியில் தீ.

“இதான் கற்பூரம். நான்தான் சபை. சொல்லும்.”

திருமேனி தொண்டையைச் செருமினான். துண்டைச் சரிசெய்தான். சபைக்கு வணக்கம் சொன்னான். சபையின் முன்னோர்களுக்கு வணக்கம் சொன்னான். நாகலிங்கத்தில் தொடங்கினான். நாகலிங்கம் வடம் திரித்த விதத்தைச் சொன்னான். அம்பலவாணருக்கு ராஜா அனுப்பிய பல்லக்கைப் பற்றி...

சுள்ளி அணைந்தது. விரலும் சுட்டது.

“கயிறு எங்கே?” என்றாள்.

“இனிமேத்தான் வரும், தாயே. பல்லக்கு முடிஞ்சு, தேர் முடிஞ்சு...”

“வெளியே விறகு நனையுது. மேலே ஏத்தும்.”

“வழி?”

“படி அந்தப் பக்கம்.”

அவன் கேட்ட வழி அது இல்லை. ஆனாலும் போனான்.

*

கோபுரம் உயரம். படி குறுகல். விறகு கனம். அவ்வளவுதான், வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மேலே ஒரு கல்தொட்டியில் தீ. அவள் அதை எப்போதும் முழுதாக அணைய விடுவதில்லை. பகலில் சாம்பலுக்குள் கனலும். பொழுது சாய்ந்தால் விறகை அடுக்கி எழுப்புவாள்.

“மழைக்காலத்துல காஞ்ச விறகுக்கு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்” என்று ஒரு தடவை சொன்னாள். அவனிடம் சொன்னாளா, நெருப்பிடம் சொன்னாளா தெரியவில்லை.

நாளாகிக்கொண்டே போனது. அவள் கற்பூரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கோபுரத்தின் அடியில் ஒரு கல் இருந்தது. ஆள் உயரம், ஆள் அகலம். உச்சி முதல் அடிவரை எழுத்து. கோபுரத்தைக் கட்டிய ராஜாவின் புகழ். அவன் வென்ற நாடுகள், அவன் யானைகள், அவன் வெண்குடை, அவன் பாட்டனின் வெண்குடை.

சுமை இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போதெல்லாம் திருமேனி அதைப் படித்தான். படிக்கப் படிக்க வாய் ஊறியது.

‘இப்படியல்லவா சொல்ல வேண்டும்! கல்லென்றால் அணையாது.’

ஒரு மத்தியானம் அவன் பாதி படித்துக்கொண்டிருந்தபோது எழுத்தின் மேல் ஈர வலை ஒன்று வந்து விழுந்தது.

“அண்ணாச்சி, கொஞ்சம் நகரும்” என்றான் சடையாண்டி. அந்தக் கரையில் வள்ளம் ஓட்டுகிறவன். பெரிய வாய், அதற்கேற்ற பல்.

“ஏய்! இது என்ன கல் தெரியுமா?”

“தெரியாம என்ன? வலை காயப்போடுற கல்லு. எங்க அப்பா காலத்துல இருந்து இதுலதான் போடுதோம். சீக்கிரம் காயும்.”

“என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளாவது பாத்திருக்கியா?”

“எழுத்தா? நான் அரணை ஓடின தடம்னுல்ல நெனச்சேன்.”

திருமேனி கோபமாக மேலே ஏறிப் போனான். வடிவம்மை சாம்பல் வாரிக்கொண்டிருந்தாள்.

“தாயே, பௌர்ணமி வந்துட்டே இருக்கு. நான் வந்து சுமக்கிறதுதான் மிச்சம். ஒரு சொல் சொல்லலையே!”

“இன்னைக்குச் சாயங்காலம் சடையாண்டி வள்ளத்துல போம்.”

“எங்கே?”

“கடலுக்கு. அங்கேயிருந்து என் நெருப்பைப் பாரும். அது என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு வாரும்.”

“நெருப்பு பேசுமா?”

“நீரு பேசாம இருந்தா கேக்கும்.”

*

வள்ளம் கிளம்பும்போது கடல் பாய் விரித்த மாதிரி இருந்தது.

திருமேனி கரையையே பார்த்துக்கொண்டு போனான். கோபுரம் தெரிந்தது. போகப் போக அது விரல் அளவானது. அப்புறம் அதுவும் கரையோடு கரையாகக் கரைந்துவிட்டது. அடியில் இருந்த கல்லைத் தேடினான். கோபுரத்தையே காணோம், கல்லை எங்கே தேட?

“வலையைப் போட்டுட்டுச் சட்டுனு திரும்பிருவோம்” என்றான் சடையாண்டி. “வடக்க கறுக்குது.”

வடக்கே கறுத்தது மேலேயும் கறுத்தது. பொழுது சாயும் முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. வாடை திடீரென்று எழுந்து வள்ளத்தின் கன்னத்தில் அறைந்தது. பாய் படபடத்தது. மழை கண்ணைத் திறக்க விடவில்லை.

“நங்கூரத்தைத் தள்ளும், வே!”

தள்ளினான். கயிறு ஓடியது. விறைத்து நின்றது. வள்ளம் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. யாரோ சுள்ளி ஒடித்த மாதிரி.

கயிறு தொளதொளவென்று வந்தது. இழுத்துப் பார்த்தான். நுனி பிய்ந்து நாராய்த் தொங்கியது.

கை அதைத் தொட்டதும் திருமேனிக்குத் தெரிந்துவிட்டது. ஊறாத தேங்காய் மட்டை. அவசரத்தில் அடித்த நார்.

“இது யார் திரிச்சது? எங்க தாத்தா அம்பலவாணர் காலத்துல...”

“பாறை எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாம நான் சாகப் போறேன், இவரு தாத்தாவக் கூப்பிடுதாரு! தண்ணியைக் கோரும், வே!”

திருமேனி தண்ணீரைக் கோரினான். வாடை கரைப் பக்கம் தள்ளியது. கோபுரத்தடியில், கரையோரம் பாறை. அது சடையாண்டிக்குத் தெரியும். அது எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. நாலு பக்கமும் ஒரே சாம்பல். சடையாண்டி துடுப்பை எந்தப் பக்கமும் போட முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றான். பெரிய வாய் மூடியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் திருமேனிக்குப் பயம் வந்தது.

அவன் வாயும் மூடிக்கொண்டது.

அப்போது ஒரு பொட்டு.

அவ்வளவுதான். சிவப்பாக ஒரு பொட்டு. சாம்பலுக்கு நடுவில், நெற்றியில் வைத்த மாதிரி.

ஒரு அலை ஏறியது, மறைந்தது. அலை இறங்கியது, மறுபடி இருந்தது. அசையவில்லை. பெரிதாகவில்லை. கூப்பிடவில்லை. இருந்தது.

“சொல்லிட்டா!” என்று சடையாண்டி அலறினான். “எங்க ஆத்தா சொல்லிட்டா!”

துடுப்பை ஒரே தள்ளாகத் தள்ளினான். வள்ளம் முனகிக்கொண்டு திரும்பியது.

“என்ன சொன்னா?”

“என்ன வே கேக்கீரு? ‘இங்கே பாறை’ன்னு சொன்னா!”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன சொல்லணும்?”

இடது பக்கம் ஏதோ உறுமியது. அலை பாறையில் மோதி வெள்ளையாய் எழுந்து விழுந்தது. ஒரு வள்ளம் தூரம்கூட இல்லை. அதைத் தாண்டினார்கள்.

திருமேனி பொட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மழைத்தண்ணீர் கண்ணுக்குள் போயிற்று. துடைக்கவில்லை. அது எரிந்துகொண்டிருந்தது. அவன் முனகி முனகிச் சுமந்த விறகு. அவன் திட்டிக்கொண்டே ஏறின படி. அது அங்கே ஒரு பொட்டாகி, இருவர் உயிரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது.

 

கையில் பிய்ந்த கயிறு இன்னும் இருந்தது. அதையும் விடவில்லை.

*

கரையேறி நேரே கோபுரத்துக்கு ஓடினான். மேலே ஏறி அவள் காலடியில் விழுந்தான்.

அவள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன சொல்லுச்சு?”

திருமேனி வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடி நின்றது. ஒன்றும் வரவில்லை. கையிலிருந்த கயிற்று நுனியை நீட்டினான்.

அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் வாயைத்தான் பார்த்தாள்.

“போதும், ஊருக்குப் போம்” என்றாள்.

“தாயே, கற்பூரம்?”

“எல்லாருக்கும் எரியுற மாதிரிதான் எரியும்.”

*

தைப் பௌர்ணமி. மணல்துறை.

மண்டபம் நிறையக் கப்பல்காரர்கள். முன்வரிசையில் பெரிய மரைக்காயர். அவருக்குத்தான் கப்பல் அதிகம். பேசுவதுதான் ரொம்பக் குறைவு. அவர் தலையசைத்தால் மற்றவர்கள் வாங்குவார்கள். இரண்டு வருஷமும் திருமேனி பேசும்போது அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

அவனுக்கு முன்னால் ஒரு கோரைப்பாய் வியாபாரி நின்றான். துண்டை விரித்துக் காற்றை மறைத்தான். சபை சிரித்தது. அவன் மாமனார் வீட்டுப் பெருமையில் இருந்தபோது கற்பூரம் அணைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு போனான்.

“பனையடியூர் ஆள் வரலாம்” என்றார் தட்டு பிடிக்கிற கிழவர். “மூணாவது. பாத்துப் பேசுப்பா.”

யாரோ கொட்டாவி விட்டார்கள். “பல்லக்கு வருது, வழி விடுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

திருமேனி நடுவில் போய் நின்றான். இடுப்பில் ஒரு சுருள் கயிறு. அவன் ஊர்ப் பெண்கள் அடித்த நாரில் அவன் திரித்தது.

கிழவர் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

நாகலிங்கம் நாக்கு வரைக்கும் வந்துவிட்டார். இரண்டு வருஷத்துப் பழக்கம். திருமேனி அவரை விழுங்கினான்.

மடியிலிருந்து பிய்ந்த கயிற்று நுனியை எடுத்தான். எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தான்.

“இது நங்கூரக் கயிறு. மார்கழியில வாடையில அறுந்துது. அந்த வள்ளத்துல நான் இருந்தேன்.”

பெரிய மரைக்காயரின் கை வெற்றிலையில் நின்றது.

“அறும்போது பெரிய சத்தம்கூட வராது.”

கொட்டாவி விட்டவன் வாயை மூடினான்.

“உங்க ஆளுங்க இதை நம்பித்தான் கப்பல்ல கண்ணை மூடுறாங்க. நான் திரிக்கிற கயிறு அறாது.”

இடுப்புச் சுருளை எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தான்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

சபைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த மண்டபத்தில் கற்பூரம் அணைவதற்கு முன்னால் பேச்சு முடிந்ததே கிடையாது. தட்டு பிடித்த கிழவர் திருமேனியைப் பார்த்தார். கற்பூரத்தைப் பார்த்தார். ‘இன்னும் இருக்குப்பா’ என்று கண்ணால் சொன்னார்.

திருமேனிக்கும் தெரிந்தது. பல்லக்கைச் சொல்லலாம். தேரைச் சொல்லலாம். பரிவட்டம்கூட அடங்கும். நாக்கு துறுதுறுத்தது.

அந்தச் சின்னச் சுடரைப் பார்த்தான். சாம்பல் நிற மண்டபத்துக்கு நடுவில் அது ஒரு பொட்டாக இருந்தது.

கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சபையும் அதையே பார்த்தது. சிரித்தவன் பார்த்தான். பின்னாலிருந்து கேலி பேசினவன் எட்டிப் பார்த்தான். யாரும் அசையவில்லை. வெளியே அலைச் சத்தம் கேட்டது. அந்த மண்டபத்தில் அலைச் சத்தம் கேட்கும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரியும்.

எவ்வளவு நேரம் எரிந்தது என்கிறாய்! ஒரு நகக்கண் கற்பூரம். திருமேனி தன் ஆயுசில் அவ்வளவு நீளமான கற்பூரத்தைப் பார்த்ததில்லை. மெழுகு இல்லை, சந்தனம் இல்லை. எரிந்துகொண்டே இருந்தது.

நீலமானது. சிணுங்கியது. அணைந்தது.

யாரோ மூச்சு விட்டார்கள்.

பெரிய மரைக்காயர் எழுந்தார். அவர் எழுந்ததைக் கண்டு மற்றவர்களும் எழுந்தார்கள். அவர் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு இறங்கி வந்தார். பிய்ந்த நுனியை வாங்கினார். விரலால் தடவினார். அவருடைய தம்பியின் கப்பல் போன வருஷம் ஐப்பசிப் புயலில், துறைக்கு எதிரிலேயே, நங்கூரம் அறுத்துக்கொண்டு போனது. கரையில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சபைக்குத் தெரியும். திருமேனிக்குத் தெரியாது.

புதுக் கயிற்றை எடுத்தார். தூணைச் சுற்றிப் போட்டார். இரண்டு நுனியையும் கையில் சுற்றிக்கொண்டு, கனத்த உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தார்.

கயிறு முனகக்கூட இல்லை.

அப்படியே சாய்ந்தபடி கேட்டார்.

“யாருப்பா நீ? எந்த ஊரு?”

இரண்டு வருஷமாக அவன் சொன்னது இதைத்தான். ஒருவரும் கேட்டதில்லை. இன்று கேட்கிறார். கற்பூரம் அணைந்துவிட்டது. வாயைத் திறக்க முடியாது.

திருமேனி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். கண் நிறைந்துவிட்டது.

மரைக்காயர் தட்டு பிடித்த கிழவரைத் திரும்பிப் பார்த்தார்.

கிழவர் சபையைப் பார்த்தார். முறையில் இல்லாதது. மூன்றுக்கு மேல் யாருக்கும் கிடையாது. அவருக்குத் தெரிந்து கிடையாது, அவர் அப்பாவுக்குத் தெரிந்தும் கிடையாது.

சபையில் ஒரு தலைகூட ஆடவில்லை. வேண்டாம் என்றும் ஆடவில்லை.

கிழவர் தட்டைத் துடைத்தார். டப்பாவைத் திறந்தார். இன்னொரு கற்பூரத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.

“அவர் கேக்கிறாருப்பா” என்றார். “சொல்லு.”

கொளுத்தினார்.

*

அங்கே அவன் என்ன சொன்னான் என்பதை விடு. அன்றைக்கு அவன் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விட்டபாடில்லை. கோபுரத்துப் பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. வண்டி நிறையச் சுமை, மேலே தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டியிருந்தது. கட்டிய கயிறு நல்ல கயிறு.

கல்லின் மேல் சடையாண்டியின் வலை நனைந்துகொண்டு கிடந்தது.

திருமேனி இறங்கிக் கதவைத் தட்டினான்.

மேலேயிருந்து குரல் வந்தது. புகையில் இருமிக்கொண்டே.

“யாரது?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. பெரிய மரைக்காயரின் கப்பலெல்லாம் இப்போது பனையடியூர்க் கயிற்றில்தான் நிற்கிறது. உப்பளத்துக்கு ஒருத்தியும் போகவில்லை. மணல்துறையில் அவன் பேரைச் சொன்னால் வழி விடுகிறார்கள். விழுந்து கும்பிட வேண்டும், அழ வேண்டும். எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

தலை நிமிர்ந்து பார்த்தான். உச்சியில் ஈரப் புகை. அதற்குள் எங்கோ, திணறிக்கொண்டு, அந்தப் பொட்டு.

“காஞ்ச விறகு!” என்றான்.

தடதடவென்று இறங்கி வரும் சத்தம் கேட்டது.